ஐ.டி.ஐ.யா, பாலிடெக்னிக்கா?

கேள்வி: பத்தாவது முடித்த என் மகன் கட்டட வேலைதான் படிப்பேன் என்கிறான். எதில் சேர்ப்பது? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: முதலில் ஒரு மே மாத மத்தியானம், தளம் போடும் இடத்தில் அவனை நிறுத்துங்கள். சாயங்காலமும் அதே பேச்சென்றால் விண்ணப்பம் வாங்கலாம். ஐ.டி.ஐ.யில் பிளம்பர் 1 வருடம், சிவில் டிராஃப்ட்ஸ்மேன் 2 வருடம். பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ 3 வருடம். 2 வருட ஐ.டி.ஐ. முடித்தவர் டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேர வழியுண்டு, டிப்ளமோகாரருக்கு பி.இ.யிலும் அப்படியே. கல்லூரியின் முகப்புக் கண்ணாடியில் மயங்காமல் ஒர்க்‌ஷாப்பைத் திறக்கச் சொல்லுங்கள். தியோடலைட் என்ற அளவைக் கருவியில் தூசியும், கொத்துக் கரண்டியில் கடை லேபிளும் இருந்தால் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள். எங்கள் தெருவில் இன்ஜினீயர்களுக்குப் பஞ்சமில்லை; சொன்ன நாளில் வரும் பிளம்பரைத்தான் காணோம். மகன் பிளம்பர் படிப்பில் சேர்ந்தால் அவன் நம்பரை உடனே அனுப்புங்கள், குழாய் ஒழுகுகிறது.