லேடெக் எங்கே போய்த் தேடுகிறது?

கேள்வி: பத்துப் பக்கக் கட்டுரைதான். லேடெக்கை ஓடவிட்டால் டீ குடித்துவிட்டே வந்துவிடலாம். எஸ்எஸ்டி போட்டும் இதே கதை. புது மடிக்கணினி வாங்கிவிடட்டுமா?

பதில்: பர்ஸை மூடுங்கள். முதலில் 'டெக்ஸ்இன்புட்ஸ்' என்ற சூழல் மாறியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். யாரோ சொன்னார்கள் என்று உங்கள் ஹோம் கோப்புறையைக் கொடுத்து, கடைசியில் இரட்டைச் சாய்கோடு போட்டிருந்தால் ஆசாமி அகப்பட்டுவிட்டான். ஒரு சாய்கோடு என்றால் அந்தக் கோப்புறை மட்டும். இரண்டு என்றால் அதற்குள், அதற்கும் உள்ளே என்று அடிமட்டம் வரை. கல்யாண ஆல்பம், பழைய சினிமா, டவுன்லோடு குப்பை அத்தனையையும், லேடெக்குக்குக் கோப்பு தேடித் தரும் 'கேபாத்சீ' பட்டியல் எடுக்கும். பிறகு ஒவ்வொரு ஸ்டைல் கோப்புக்கும் அந்தக் கதவுகளையெல்லாம் தட்டும். பத்துப் பக்கம் என்று அதற்குத் தெரியாது; 'டிக்ஸ்' பாக்கேஜ் ஒன்றைக் கூப்பிட்டாலே பின்னால் டஜன் கணக்கில் கோப்புகள் வரும்.

மாறியை நீக்கிவிடுங்கள். லினக்ஸ் என்றால், சொந்த ஸ்டைல் கோப்புகளை ஹோமில் 'டெக்ஸ்எம்எஃப்', அதற்குள் 'டெக்', அதற்குள் 'லேடெக்' என்று வையுங்கள். அப்போதும் இழுத்தால் 'கேபாத்சீ_டீபக்' மாறிக்கு 32 கொடுத்து ஓட்டுங்கள். எந்தக் கோப்பை எங்கெங்கே தேடுகிறது என்பதெல்லாம் திரையில் கொட்டும். நீளமாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படியுங்கள். தேவையே இல்லாமல் திரும்பத் திரும்ப வரும் பாதைதான் குற்றவாளி.

கேள்வி: 'டெக்ஸ்எம்எஃப்-லோக்கல்' கோப்புறையில் என் ஸ்டைல் கோப்பு கண்ணெதிரே இருக்கிறது. இல்லவே இல்லை என்று சாதிக்கிறதே!

பதில்: அங்கே வட்டில் தேடுவதில்லை, 'எல்எஸ்-ஆர்' என்ற பட்டியலைத்தான் பார்க்கும். ரேஷன் கார்டில் பெயர் இல்லாவிட்டால் நேரில் போய் நின்றாலும் அரிசி கிடைக்காது அல்லவா? 'டெக்ஸ்ஹாஷ்' கட்டளையை ஒருமுறை ஓட்டுங்கள், பெயர் ஏறிவிடும். பாதைக்கு முன்னால் இருக்கும் இரண்டு ஆச்சரியக்குறிகளை நீக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பட்டியலோடு நிறுத்திக்கொள் என்று சொல்வதே அவைதான். எடுத்தால், பட்டியலில் இல்லாத கோப்புக்காக அந்தக் கோப்புறை முழுக்க அலையத் தொடங்கிவிடும்.

கேள்வி: லுவாலேடெக்கில் தமிழ் எழுத்துரு கேட்டால் உறைந்து நிற்கிறது.

பதில்: முதல் தடவை என்றால் விட்டுவிடுங்கள். இருக்கிற எழுத்துருக்களையெல்லாம் திறந்து பெயர்களைக் குறித்துக்கொள்கிறது. ஒவ்வொரு தடவையும் நின்றால், நீங்கள் கொடுத்த பெயரைச் சரிபாருங்கள். ஓர் எழுத்து பிசகினாலும், ஒருவேளை புதிதாக வந்திருக்குமோ என்று பட்டியலைப் புதுப்பிக்கப் போய்விடும். பெயருக்குப் பதில் எழுத்துருக் கோப்பின் பெயரையே விகுதியோடு கொடுத்தால் அந்த வேலையும் பெரும்பாலும் மிச்சம்.