ஒண்ணும்பண்ணாதார்

முத்தாண்டிக்குப்பத்துப் பக்கம் புதிதாக எழும்பும் மாடி வீடுகளின் கேட்டில் இரண்டு பலகைகள் இருக்கும். ஒன்றில் வீட்டின் பெயர், பெரும்பாலும் 'அன்னை இல்லம்'. இன்னொன்றில் 'நாய்கள் ஜாக்கிரதை'. உள்ளே இருப்பது எந்த நாயானாலும் பலகையில் நாக்கைத் தொங்கப்போட்டிருப்பது அல்சேஷன்தான். அதைப் படித்துவிட்டு, பெல்லை அழுத்தலாமா, போனில் சொல்லிக்கொள்ளலாமா என்று நாம் யோசிக்கும்போதே உள்ளிருந்து ஒரு குரல் வரும்.

"வாங்க சார், வாங்க! ஒண்ணும் பண்ணாது!"

இவர்தான் நம் ஒண்ணும்பண்ணாதார்.

என்.எல்.சி.யில் மூன்று ஷிப்டும் பார்த்து, 60 வயதில் ஓய்வு பெற்று, டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் சாவியை ஒப்படைத்துவிட்டு, பூர்வீக முந்திரித் தோப்பின் ஓரமாக வீடு கட்டிக் குடிவந்தவர். வீட்டைச் சுற்றி ஆறேழு பலா மரங்கள். சித்திரை பிறந்தால் அடிமரத்திலேயே, போகிறவர் வருகிறவர் கைக்கு வாகாகப் பழம் தொங்கும். காவலுக்கு ஒரு நாய் வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதில் தப்பில்லை. தெருமுனையில் மணி என்று ஒரு நாய் வேலையில்லாமல்தான் படுத்திருந்தது. ஆனால் பென்ஷன் வாங்குகிறவர் வீட்டில் மணி குரைத்தால் நன்றாகவா இருக்கும்? சென்னையிலிருந்து மகன் காரில் ஒரு ராட்வீலர் குட்டியைக் கொண்டுவந்தான். வந்தபோது மடியில் அடங்கியது. இரண்டு வயதில் 50 கிலோ. பெயர் சீசர்.

அந்த வருஷம் பலாப்பழம் திருடு போகவில்லையா என்றால், போனது. சீசர் அப்போது ஹாலில் ஏசி போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. அக்னி நட்சத்திரத்தில் கறுப்பு நாயை வெளியே கட்டிப்போட எந்தத் தகப்பனுக்கு மனசு வரும்?

தகப்பன் என்று நானாகச் சொல்லவில்லை. அந்த வீட்டில் முறை அப்படி. "அப்பாகிட்ட போடா, அம்மாவைத் தொந்தரவு பண்ணாதே" என்பார் அந்த அம்மாள். இந்தக் கணக்கில் பேத்திக்குச் சீசர் சித்தப்பா ஆகிறது. குழந்தையும் அப்படித்தான் கூப்பிடுகிறது. மகன் வீடியோ காலில் வந்தால் முதலில் தம்பியைக் காட்டச் சொல்கிறான். உப்பில்லாத சோறும் வேகவைத்த கோழியும் சீசருக்குத் தனி அடுப்பில் ஆகின்றன. ராத்திரிக்குத் தயிர்சாதம். இந்தத் தயிர்சாதம்தான் ஒண்ணும்பண்ணாதாரின் பெரிய சான்று. "தயிர்சாதம் சாப்பிடற நாய் எங்கேயாவது கடிக்குமா சார்?" என்று கேட்பார். வடலூர் கிட்டத்தில் இருப்பதால் ஜீவகாருண்யம் சீசருக்கும் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நாமும் நம்பிக்கொள்ள வேண்டியதுதான்.

மனைவியிடமும் மாட்டிடமும் தமிழில் பேசுகிறவர் சீசரிடம் மட்டும் ஆங்கிலம். சிட், ஸ்டே, கம், குட் பாய். ஒருநாள் கேட் திறந்து கிடந்து, செகண்ட் ஷிப்ட் முடிந்து பைக்கில் வந்தவரைச் சீசர் துரத்தியபோது ஆங்கிலம் கைவிட்டுவிட்டது. "டேய், டேய், வாடா! எங்கப்பனே, வாடா!" என்று கைலியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை ஓடினார். மணி படுத்த இடத்திலிருந்தே தலையைத் தூக்கிப் பார்த்தது.

அவர் வீட்டுக்குள் நுழைவதற்கு ஒரு முறை உண்டு. "பயப்படாம வாங்க. ஓடிடாதீங்க. கண்ணை நேராப் பாக்காதீங்க. ஹெல்மெட்டைக் கழட்டிடுங்க, அதுக்குப் பிடிக்காது. கையைத் தூக்காதீங்க. குடையா? குடையை அங்கேயே வெச்சிருங்க. வேற ஒண்ணுமில்ல, ஒண்ணும் பண்ணாது." ஒண்ணும் பண்ணாத நாய்க்கு இத்தனை ஷரத்து ஏன் என்று கேட்கும் நிலையில் விருந்தாளி இருப்பதில்லை. தொடையருகே ஒரு பெரிய தலை மோப்பம் பிடித்துக்கொண்டிருக்கும். அப்போது அவர் கடைசி விதியைச் சொல்வார்: "நீங்க பயந்தா அதுக்குத் தெரிஞ்சிரும் சார்." ஆக, இனி நடப்பது எதுவானாலும் பொறுப்பு நம்முடையது.

சீசர் இதுவரை ஒண்ணும் பண்ணியது கேஸ் சிலிண்டர் போடுகிறவரை, மீட்டர் கணக்கெடுக்க வந்தவரை, வீட்டு மாப்பிள்ளையை. இவற்றில் எதுவும் 'கடி' என்று பதிவாகவில்லை. முதலாவது பல் பட்டது. இரண்டாவது விளையாட்டு. மூன்றாவதில், மாப்பிள்ளை வந்த நேரம் சரியில்லை. "நம்ம நாய்க்கு ஊசி போட்டாச்சு, உங்களுக்குத் தேவையில்ல" என்று மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்தார். சிரிப்பை இங்கே கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். மஞ்சள் வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கடித்தது யார் வீட்டு நாய் என்பது அப்புறம். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற காலம் மலையேறிவிட்டது. இப்போது கையில்தான் போடுகிறார்கள், நாலைந்து தவணையோடு சரி.

டீக்கடையில் உட்கார்ந்தால் ஒண்ணும்பண்ணாதார் இன ஆராய்ச்சியில் இறங்குவார். பிட்புல் கடித்தால் தாடை பூட்டிக்கொள்ளும், சாவி போட்டாலும் திறக்காது என்பார். அப்படி ஒரு பூட்டு எந்த நாயின் தாடையிலும் இல்லை. டாபர்மேனுக்கு வயதானால் மூளை பெருத்து, மண்டை ஓட்டில் இடம் போதாமல் எஜமானையே கடிக்கும் என்பார். இதைத் தமிழ்நாட்டில் நம்பாத டீக்கடை கிடையாது. உண்மையில் டாபர்மேனின் மண்டையில் மூளைக்குத் தாராளமாகவே இடமிருக்கிறது. அந்த இனத்தை உருவாக்கியவர் ஜெர்மனியின் அபோல்டா ஊரில் வரி வசூலுக்குப் போய்க்கொண்டிருந்த டாபர்மேன் என்பவர். வரி கேட்டுப் போகிறவருக்கு எப்படிப்பட்ட நாய் தேவைப்பட்டிருக்கும் என்பதை யோசித்தாலே போதும், மூளைக் கதை வேண்டியதில்லை. ராட்வீலர் அதே நாட்டின் ராட்வைல் ஊர்க்காரன். கசாப்புக்காரர்களுக்கு மாடு ஓட்டியும் வண்டி இழுத்தும் பிழைத்த உழைப்பாளி. அதன் வாரிசு இங்கே முந்திரித் தோப்பில் ஏசியில் படுத்திருக்கிறது.

இனத்தைப் பற்றிய அவருடைய சித்தாந்தத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. சீசர் கேட்டுக்குள் கம்பீரமாக நின்றால் அது ரத்தம்: "ஒரிஜினல் லைன் சார்." சீசர் மாப்பிள்ளையைக் கடித்தால் ரத்தத்துக்குச் சம்பந்தமில்லை: "வளர்ப்புலதான் சார் எல்லாம்." வளர்த்தது யார் என்று கேட்டால் பேச்சு மழையைப் பற்றித் திரும்பிவிடும். 2022இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு, 18,000க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி அவற்றின் சொந்தக்காரர்களிடம் கேட்டுப் பார்த்து, தனியொரு நாயின் குணவேறுபாட்டில் சுமார் 9 சதவீதத்தைத்தான் இனத்தை வைத்துச் சொல்ல முடியும் என்றது. இதைச் சொன்னதும் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா! ராட்வீலர்னா கெட்டது கிடையாது!" கிடையாதுதான். ஆனால் கடிக்குமா கடிக்காதா என்பதை இனம் தீர்மானிக்காவிட்டாலும், கடித்தபின் என்ன ஆகும் என்பதை 50 கிலோ உடம்பு தீர்மானித்துவிடுகிறதே. இதற்கு அவர் காதைக் கொடுக்கவில்லை.

2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்கில், மாநகராட்சிப் பூங்காவில் காவலாளியின் ஐந்து வயது மகளை இரண்டு ராட்வீலர்கள் கடித்துக் குதறின. அந்த வாரம் ஒண்ணும்பண்ணாதார் டீக்கடைக்கு வரவில்லை. முந்திய மார்ச்சிலேயே மத்திய அரசு 23 இனங்களைத் தடை செய்யச் சொல்லி மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியிருந்தது. சம்பந்தப்பட்டவர்களைக் கேட்காமல் எழுதியது என்று கர்நாடக உயர் நீதிமன்றம் ஏப்ரலில் அதை ரத்து செய்தது. பூங்கா சம்பவத்துக்குப் பிறகு தமிழ்நாட்டிலும் ஒரு தடை அறிவிப்பு வந்தது. வந்த வேகத்தில் திரும்பியும் போனது. அந்தப் பட்டியலில் ராட்வீலர் இருந்தது. துருக்கி, ரஷ்யா, பால்கன் பக்கத்து மந்தை நாய்கள் வரிசையாக இருந்தன. அவற்றில் பலவற்றை முத்தாண்டிக்குப்பம் கனவில்கூடக் கண்டதில்லை. சங்கிலியைப் பிடித்திருக்கும் கை எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதற்குப் பட்டியல் எதுவும் வரவில்லை. எனக்கென்னவோ அங்கிருந்துதான் ஆரம்பித்திருக்க வேண்டும்.

கடிக்கிற நாய்க்கு மரியாதை செய்யத் தெரியாதவர்கள் அல்ல நாம். திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் கிடைத்த, மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல்லில் வீரனின் பக்கத்தில் ஒரு நாயும் நிற்கிறது. பெயர் கோவிவன். கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றதாகக் கல்வெட்டே சொல்கிறது. ஏழாம் நூற்றாண்டு நாயின் பெயர் இன்றும் நமக்குத் தெரிகிறது. இதை ஒண்ணும்பண்ணாதாரிடம் சொன்னேன்.

"நம்ம சீசரும் அப்படித்தான் சார். திருடன்னா விடாது."

"ஒண்ணும் பண்ணாதுன்னீங்களே?"

"அது நல்லவங்களுக்கு."

"யார் நல்லவங்கன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும் சார்" என்றார், மாப்பிள்ளையை மறந்துவிட்டு.

போன தையில் பேத்திக்குக் காதுகுத்து. பத்திரிகை வைக்க அவரும் மனைவியும் புறப்பட்டபோது நானும் கூடப் போனேன். வடலூரில் பழைய சகா ஒருவர் வீடு. பெல்லை அழுத்தியதும் வாசலில் பஞ்சுமூட்டை அளவுக்கு ஒரு பொமரேனியன் வந்து நின்று எகிறி எகிறிக் குரைத்தது. ஒண்ணும்பண்ணாதார் இரண்டடி பின்வாங்கி என் முதுகுக்குப் பின்னால் வந்து சேர்ந்தார். தாம்பூலத் தட்டை முழங்காலுக்கு நேராகக் கேடயமாகப் பிடித்திருந்தார்.

சகாவின் மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். "வாங்கண்ணே, வாங்க. ஒண்ணும் பண்ணாது."

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்லுவாங்க" என்றார் ஒண்ணும்பண்ணாதார். "மொதல்ல அதைக் கட்டுங்க."