பஞ்சின் கனம்

கதிர்காமத்திலிருந்து மகளுக்கு இலவம்பஞ்சுத் தலையணை அனுப்பப் போனேன். கூரியர்காரர் தராசைத் தொடவேயில்லை, டேப்பை எடுத்தார். 60, 40, 15 சென்டிமீட்டர். அடைக்கும் இடத்தையே எடையாக்கும் கணக்காம்: பெருக்கி, 5000-ஆல் வகுத்து, "7.2 கிலோ சார்" என்றார். தலையணை ஒன்றரை கிலோகூடத் தேறாது.

அமெரிக்காவிலோ கதை தலைகீழ். அங்கே வீட்டிலேயே தோட்டா தயாரிப்பவர்கள் ஈயக் குண்டுகளை அஞ்சல்துறையின் ஒரே கட்டணப் பெட்டியில் அனுப்புகிறார்கள். உள்நாட்டுக்குள் 70 பவுண்டு, ஏறக்குறைய 32 கிலோ வரை ஒரே விலை. குலுங்கினால் அட்டை கிழியுமாம். அதனால் இடுக்கெல்லாம் காகிதம், வெளியே டேப்மேல் டேப். ஈயத்துக்கு வந்த வாழ்வு!

நானும் மனைவியும் தலையணைமேல் ஏறி நின்று கயிறு கட்டினோம். கணக்கில் 4 கிலோவாக இளைத்தது. இறங்கியதும் கயிறு அறுந்து, மறுபடி 7.2.