மாட்டுக்கு அட்சரேகை உண்டு

டிஜிட்டல் பொருளாதாரத்தைப் பல துறையாரும் கூடி ஆராய வேண்டும் என்று நம் பக்கத்துக் கல்லூரி ஏதாவது கருத்தரங்கு வைத்தால் குளிர்சாதன அறை நிரம்பிவிடும். பொருளியலாருக்கு ஒரு மேசை, கணினியாருக்கு ஒரு மேசை, சமூகவியலாருக்கும் சட்டத்தாருக்கும் தனித்தனி. மதியம் வரும் ஆம்பூர் பிரியாணி மட்டும் எல்லோருக்கும் பொது. அறிக்கையில் அதற்குத்தான் 'பல்துறைக் கூட்டுறவு' என்று பெயர்.

ஆம்பூரில் ஒரு பெண் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஷூவுக்கு மேல்பாகம் (அப்பர்) தைக்கிறாள். ஏஜென்ட் மூட்டையைப் போட்டுவிட்டுப் போகிறார். ஜோடிக்குச் சில ரூபாய் கூலி. அதே ஷூவை ஐரோப்பாவில் ஒருவர் கைபேசியைத் தட்டி வாங்குகிறார். டிஜிட்டல் பொருளாதாரம் இந்த வாசலில்தான் தொடங்குகிறது. ஆராயுங்கள் பார்ப்போம்! கணினியார் கேட்பார், தரவு எங்கே என்று. ஏஜென்டின் அழுக்கு நோட்டில் இருக்கிறது. அது அவர் கோப்பில் ஏறாது. முதலாளி யார் என்பதற்கு ஆவணம் இல்லையே என்பார் சட்டத்தார். இது சம்பளமா, சுயதொழில் வருமானமா, எந்தக் கட்டத்தில் போடுவது என்று பொருளியலார் தலையைச் சொறிவார். சமூகவியலாருக்கு இளகிய மனசு. இரண்டு மணி நேரம் அவளோடு பேசுவார், கண் கலங்குவார், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்தும் வாங்குவார். அந்த இரண்டு மணி நேரம் தைக்காமல் போன கூலிக்குப் படிவத்தில் இடமில்லை. தப்பித்தவறி நால்வரும் சேர்ந்து எழுதிவிட்டால் பதவி உயர்வுக் குழு கேட்கும்: "இது எந்தத் துறை?"

ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய காடழிப்புக்கு எதிரான விதியில் தோலையும் சேர்த்தது. மாடு வளர்ந்த இடத்தை அட்சரேகை, தீர்க்கரேகையோடு சொல்ல வேண்டுமாம். அமலாக்கம் தள்ளித் தள்ளிப் போனது, அது வேறு கதை. செத்த மாட்டின் முகவரி கேட்கும் அந்த விதி, அதன் தோலைத் தைத்தவளின் முகவரியைக் கேட்கவில்லை.

நம் ஆட்கள் மட்டும் சளைத்தவர்களா? தோல் பதனிடும் ஷாப்பு உள்ளிட்ட 17 வகை ஆலைகள் கழிவை அளக்க உணர்கருவி பொருத்தி இணையம் வழியே எண்களை அனுப்ப வேண்டும் என்று 2014இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உத்தரவிட்டது. 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டையில் தோல் கழிவின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து 10 பேர் செத்தார்கள், தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள். சுவருக்கு உணர்கருவி வைப்பது எந்தத் துறை?

துறைகள் இங்கே ஒரு முறை உண்மையிலேயே கூடின. வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில், தோல் கழிவால் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் முழுதாகவோ பகுதியாகவோ பாழானது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் கணக்கும், கிணற்றுத் தண்ணீர்ச் சோதனையும், சட்ட வாதமும் ஒரே கட்டில் உச்ச நீதிமன்றம் போயின. கெடுத்தவனே பணம் கட்ட வேண்டும் என்று 1996 ஆகஸ்ட் 28இல் தீர்ப்பு வந்தது. பல்துறை ஆய்வு என்று யாரும் பெயர் வைக்காததால் காரியம் நடந்தது போலும். ஆனாலும் 2025 ஜனவரி 30இல் அதே நீதிமன்றம் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது: இழப்பீடு கிடைக்காதவர்களுக்கு ஆறு வாரத்தில் கொடு. டீக்கடையில் பத்து ரூபாய் நொடியில் போய்ச்சேரும் நாட்டில், பாலாற்றங்கரை விவசாயிக்குப் பணம் போய்ச்சேர 28 ஆண்டுகள் போதவில்லை. எந்த மேசையாவது இதை டிஜிட்டல் பொருளாதாரக் கேள்வியாக எடுத்ததா?

ஆய்வாளர் பெருமக்களே, அடுத்த நிதி விண்ணப்பத்தில் ஒரு வரி சேருங்கள்: பேட்டி கொடுத்தவளுக்கு, தைக்காமல் போன நேரத்துக்குக் கூலி. தணிக்கைக்காரர் அதை ஒப்புக்கொள்ளட்டும். பல்துறையைப் பற்றி அப்புறம் பேசுவோம்.