கேஸ் போயிருக்கும் சார்

கோடம்பாக்கம், வடபழனி பக்கம் ஸ்டுடியோ இருந்த இடங்களில் ஆஸ்பத்திரியும் மாலும் வந்துவிட்டன; கதை டிஸ்கஷன் மட்டும் எங்கேயும் போகவில்லை. சந்தேகம் இருந்தால், வீட்டு ஃபிரிட்ஜில் கூலிங் இல்லை என்று மாடிப்படியில் நின்று ஒரு தரம் சொல்லிப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் அந்தச் செய்தியை முதலில் சொன்னது இட்லி மாவு. ராத்திரி உள்ளே வைத்த பாத்திரம் விடிவதற்குள் பொங்கி, மூடியைத் தள்ளிவிட்டுப் பால் பாக்கெட் மேல் வழிந்திருந்தது. பாலும் திரிந்திருந்தது.

“கேஸ் போயிருக்கும் சார்” என்றார் இஸ்திரிக்காரர், சட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல். வாட்ச்மேனும் அதையே சொன்னார். தண்ணீர் கேன் போடும் பையன், “எங்க வீட்லயும் கேஸ்தாண்ணா” என்று துக்கத்தில் பங்கெடுத்துக்கொண்டான். சமையல் சிலிண்டர் தீர்வதுபோல் இதுவும் தீர்ந்துபோகும் என்று ஊரே நம்புகிறது. அந்த கேஸ் மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவது. எங்காவது ஓட்டை விழாதவரை ஒரு கிராம்கூடக் குறையாது. இப்போதைய ஃபிரிட்ஜ்கள் பலவற்றில் இருப்பது ஆர்-600ஏ. அதுவும் 50, 60 கிராம் அளவுக்குத்தான். முன்பு இருந்த ஆர்-12 ஓசோன் படலத்தை அரிக்கிறது என்று 1987இல் மான்ட்ரியலில் உலக நாடுகள் கூடி ஒப்பந்தம் போட்டுத்தான் அதை ஒழிக்க ஆரம்பித்தார்கள். அத்தனை தேசங்கள் உட்கார்ந்து பேச வேண்டியிருந்த விவகாரத்தை, எங்கள் தெருவில் ஒரு காலர் மடிப்பதற்குள் முடித்துவிடுகிறார்கள்.

மேல்வீட்டு மாமா வோல்டேஜ் கட்சி. “பவர் ஹவுஸ்னு பஸ் ஸ்டாப்புக்குப் பேரு வச்சா போதுமா தம்பி? நம்ம வீட்டுக்குக் கரன்ட் ஒழுங்கா வரணுமே!” என்றார். ஸ்டெபிலைசரைக் கழற்றி, வேறு பிளக்கில் மாட்ட வேண்டும் என்றும், அதுவரை சுவிட்சைத் தொடவே கூடாது என்றும் உத்தரவு.

மாமியாருக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. வாங்கி வந்த அன்றைக்கு யாரோ பார்த்த பார்வை சரியில்லையாம். மாமா சுவிட்சை அணைத்து வைத்திருந்த நல்ல நேரத்தில் சாமான்களை இறக்கி, உள்ளே கழுவித் துடைத்து, கதவைத் திறந்துபோட்டு, மேலே ஓர் எலுமிச்சம்பழம் வைத்தார்.

ஃப்ரீசரில் ஐஸ் கல்லாக இருந்ததே, கீழ்த்தட்டில்தானே சூடு, கேஸ் போயிருந்தால் ஐஸ் எப்படி இருக்கும் என்று நான் கேட்டுப் பார்த்தேன். டிஸ்கஷனில் உதவி இயக்குநர் பேச்சை யார் கேட்பார்கள்!

பேசாமல் மனைவியிடம் ஐஸ் ஹவுஸ் கதையைச் சொன்னேன். 1833இல் அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து ஃபிரெடரிக் டியூடர் என்பவர் சுமார் 180 டன் ஐஸைக் கப்பலேற்றினார். நாலு மாதம் கடலில் வந்தும் கல்கத்தாவில் 100 டன் மிச்சமாக இறங்கியது. அதே டியூடர் கம்பெனி ஐஸை இறக்கி வைக்கத்தான் 1842இல் நம் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டினார்கள். கரன்ட் இல்லை, கம்ப்ரஸர் இல்லை. மரத்தூளைப் போட்டு மூடியே கொண்டுவந்துவிட்டார்கள். ஆர்க்காடு ரோட்டிலிருந்து மாடி ஏறிய பால் நம் வீட்டில் ஒரு ராத்திரி தாங்கவில்லையே என்றேன். “அப்போ போய் ஒரு மூட்டை மரத்தூள் வாங்கிட்டு வாங்க” என்றாள்.

மறுநாள் பிளக்கை மாற்றி சுவிட்சைப் போட்டதும் கீழ்த்தட்டில் கை வைத்தால் சில்லென்றது! மாமா தெருவில் இறங்கி நடந்த நடையே வேறு. மாமியார் எதுவும் சொல்லவில்லை. பழத்தை மட்டும் ஒரு தரம் பார்த்தார். அவரவர் கிளைமாக்ஸ் அவரவருக்கு. சில நாளில் மாவு மறுபடியும் பொங்கியது.

கடைசியில் மெக்கானிக் வந்தார். எலுமிச்சம்பழத்தைப் பக்தியோடு இறக்கி வைத்துவிட்டு, ஃப்ரீசரின் பின்பலகையைக் கழற்றினார். உள்ளே காயிலே தெரியவில்லை. வெள்ளைச் சுவராகப் பனி. ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃபிரிட்ஜில் குளிர் உண்டாவது அந்த ஒரு காயிலில்தான். அங்கிருந்து ஃபேன் காற்றைக் கீழே தள்ளுகிறது. காயிலில் படியும் பனியை அவ்வப்போது உருக்கிவிட ஒரு ஹீட்டர் உண்டு. அது செத்தால் பனி மூடிக் காற்று வழி அடைபடும். ஒரு நாள் அணைத்துத் திறந்துபோட்டால் பனி உருகி நாலு நாள் ஓடும். பிறகு பழைய குருடிதான்.

“ஹீட்டர் போயிருக்கு சார்.”

“குளிரப் பண்ற பெட்டிக்குள்ள ஹீட்டரா?” என்று மாமியார் மகளைப் பார்த்தார். ஆள் ஏமாற்றுகிறான் என்பது அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

புது ஹீட்டரைப் போட்டு அவர் கேட்ட தொகை, நாங்கள் பயந்ததில் கால்வாசி. மாமா படியிலேயே காத்திருந்தார். தொகையைக் கேட்டதும் முகம் சுருங்கிவிட்டது.

“இவ்ளோதான் வாங்கினானா? அப்போ கேஸை அவன் பார்க்கவே இல்ல தம்பி.”