மூத்தவர் சொல் மந்திரம்

காவலர் பயிற்சிக் கல்லூரியில் மாதக்கணக்கில் படித்ததைத் தெருவில் ஒரு சில நிமிடங்களில் மறக்கடிக்க முடியுமா? முடியும், அந்தத் திறமைக்குப் பெயர் பணிமூப்பு. 2020 மே 25 அன்று அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில், கைதான ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் 9 நிமிடங்களுக்கும் மேல் முழங்காலை ஊன்றி அவரைக் கொன்ற காவலர் டெரெக் சாவின் 19 ஆண்டு அனுபவசாலி. புதியவர்களுக்குக் களப்பயிற்சி தருபவரும்கூட. உடனிருந்தவர்களில் இருவர் முழுக் காவலர்களாகி ஒரு வாரம்கூட ஆகாதவர்கள். அவர்களில் ஒருவரான தாமஸ் லேன், ஃபிளாய்டை ஒருக்களித்துப் படுக்கவைக்கலாமா என்று இரண்டு முறை கேட்டார். அனுபவம் வேண்டாம் என்றது. பாடப்புத்தகம் வாயை மூடிக்கொண்டது.

ஒருவர் செய்ததற்குத் துறையைப் பழிக்கலாமா என்பார்கள். லண்டன் காவல்துறைப் பதிவுகளை அலசி 2019இல் வெளியான ஓர் ஆய்வு, முறைகேடு சகாக்களிடமிருந்து தொற்றுகிறது என்றே காட்டியது. நிதானம் பார்த்தால் குற்றவாளி ஓடிவிடுவான் என்போரும் உண்டு. கைவிலங்கோடு குப்புறக் கிடந்து, பேச்சும் நின்றுபோனவர் எங்கே ஓடுவார்? விதி போதாது என்றும் சொல்ல வழியில்லை. சக காவலர் அத்துமீறினால் தடுக்க வேண்டும் என்ற விதி மினியாபொலிஸில் 2016 முதலே இருந்தது. அதை எடுத்துச் சொல்லும் புதியவரைப் பாராட்டும் வழக்கம்தான் இல்லை. விளைவு, மூத்தவரோடு இளையவர்களும் சிறைக்குப் போனார்கள். களப்பயிற்சி அவ்வளவு முழுமையாகப் பலித்திருக்கிறது; சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி.