பை கட்டும் பருவம்

பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கிய வகை, குழந்தையின் வளர்ச்சியைக் காப்பு முதலாகப் பத்துப் பருவங்களாகப் பகுத்து, ஐந்தாம் மாதத்தில் தலை நிமிர்த்தி ஆடுவதைச் செங்கீரை என்றும், ஒன்பதாம் மாதத்தில் கைகொட்டுவதைச் சப்பாணி என்றும் பெயரிட்டுப் பாடியதே தவிர, அக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு கல்யாண மண்டபத்துக்குக் கிளம்புமுன் வீட்டார் கடக்க வேண்டிய 'பை கட்டும் பருவம்' பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. பாட்டுடைத் தலைவர்களுள் பலர் தெய்வங்களாதலின் டயப்பருக்குத் தேவை எழவில்லை போலும்.

இக்காலத்துப் பையிலோ, மூன்று மணி நேர முகூர்த்தத்துக்கு ஆறு டயப்பர், நான்கு மாற்றுச் சட்டை, தூளி கட்ட ஒரு பழஞ்சேலை, திருஷ்டிப் பொட்டுக்கு மை டப்பா ஆகியவை அடங்கியபின், வசம்பையும் சாதிக்காயையும் கல்லில் இழைத்துப் புகட்டும் உரைமருந்துக்கான பொருள்களைப் பாட்டி ஓசையின்றிச் செருகுகிறார். ஆறு மாதம்வரை தாய்ப்பாலன்றித் தண்ணீரும் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருக்க, ஐந்து மாதக் குழந்தையின் பையில் ஃபிளாஸ்க் எதற்கு என்னும் ஐயம், அதிலிருந்து தாத்தா காபி ஊற்றிக்கொள்ளும்போது தீர்கிறது. குழந்தை கக்கினால் துடைப்பதற்கென்றே மடித்து வைத்த துண்டு பையின் அடியாழத்தில் கிடப்பதால், தந்தையின் பட்டுச் சட்டையே அப்பணியை ஏற்கிறது; அவருக்கு மாற்றுச் சட்டை எடுத்து வைக்கும் மரபு இன்னும் தோன்றவில்லை.